சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் கை நடுங்குவது ஏன்?

காலை எட்டரைக்கு நாலு இட்லி, சட்னி, அதற்கு மேல் சீனி தூக்கலாக ஒரு காபி. பதினொன்றரை ஆகும்போது கை லேசாக நடுங்குகிறது. நெற்றியில் வேர்க்கிறது, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, காரணமே இல்லாமல் பக்கத்தில் இருப்பவர் மேல் எரிச்சல் வருகிறது. "இப்பத்தானே சாப்பிட்டே, அதுக்குள்ள என்ன பசி?" என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மிட்டாயை வாயில் போட்டதும் பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடியும் அதே நடுக்கம்.

மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டும் பெண்கள், கீழமாசி வீதியில் சரக்கு இறக்குபவர்கள், மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்துத் தினமும் வெளியூர் வேலைக்குப் போய்வருபவர்கள் என்று யாருக்கு வேண்டுமானாலும் இது வரலாம். பித்தம், பிரஷர், ரத்தம் கம்மி என்று நாமும் ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயர்கள் சில சமயம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள், நாள் தவறாமல் இப்படி வந்தால், ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியாவையும் சந்தேகிக்க வேண்டும். அதாவது, சாப்பிட்ட சாப்பாட்டுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிப்போவது. சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் இது வரும்.

இதை முதன்முதலில் விவரித்து எழுதியவர் சீல் ஹாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர். இன்சுலின் 1921-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 1922-இல் நோயாளிகளுக்குப் போடத் தொடங்கினார்கள். ஊசியின் அளவு கூடிவிட்டால் வியர்வை, நடுக்கம், தாங்க முடியாத பசி வருவதை மருத்துவர்கள் அப்போதுதான் நேரில் பார்த்தார்கள். ஊசியே போடாத சிலருக்கும் இதே தொல்லைகள் இருப்பதை ஹாரிஸ் கவனித்தார். அவர்களுடைய உடம்பே தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்கிறது என்று 1924-இல் எழுதினார்.

உள்ளே நடப்பது என்ன

நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். சாதாரண நேரத்தில் அந்த ரத்தம் முழுவதிலும் சேர்த்து இருக்கும் சர்க்கரை 5 கிராம் போல, ஒரு டீஸ்பூன் அளவுதான். மேலே சொன்ன நாலு இட்லியிலும் சீனிக் காபியிலும் 45 முதல் 50 கிராம் வரை மாவுச்சத்தும் சீனியும் இருக்கின்றன. அதாவது ரத்தத்தில் இருப்பதைப் போலப் பத்து மடங்கு, ஒரே வேளையில் உள்ளே வருகிறது. அதை வாங்கி ஈரலுக்கும் தசைக்கும் அனுப்பும் வேலை இன்சுலினுடையது. கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது எவ்வளவு சர்க்கரை வருகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக வருகிறது என்பதும் கணக்கில் சேரும்.

கல்யாண மண்டபத்தில் பந்தி நடப்பதை யோசித்துப் பாருங்கள். முகூர்த்தம் முடிந்ததும் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்தால், சமையல்காரர் பதறிப்போய் கண்ணில் படுகிறவரை எல்லாம் பரிமாறக் கூப்பிடுவார். அவர்கள் வந்து வாளியைத் தூக்குவதற்குள் பாதிக் கூட்டம் எழுந்துவிடும். அப்புறம் இலை காலி, பரிமாறுகிறவர்கள் மட்டும் நிறைய. சீனியும் மாவும் வேகமாக ரத்தத்தில் ஏறினால் இன்சுலினும் இப்படித்தான் அதிகமாக வந்து சேருகிறது. சாப்பாடு கரைந்து முடிந்த பிறகும் அது வேலையை நிறுத்துவதில்லை, மிச்சமிருக்கும் சர்க்கரையையும் ரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டே போகிறது.

சர்க்கரை இறங்குவதை உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. குளுக்ககான், அட்ரினலின் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி, ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரையை வெளியே எடுக்கச் சொல்லும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, இனம் புரியாத பயம் எல்லாம் அட்ரினலின் செய்யும் வேலை. மூளைக்கே சர்க்கரை போதாமல் போனால் கண் மங்கும், கிறுகிறுப்பு வரும், கேட்ட கேள்விக்கு வேறு பதில் வரும். பெரும்பாலும் ஈரல் சமாளித்துவிடுவதால், ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் பலருக்குத் தானாகவே சரியாகும்.

இதில் இந்தத் தொல்லை உள்ளவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. "கிறுகிறுன்னு வருதுக்கா" என்றால், "ஒரு வாய் சீனியப் போட்டுத் தண்ணியக் குடி" என்று சொல்வோம். அந்த நேரத்துக்கு அது சரியான உதவிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், அந்தச் சீனியே அடுத்த வேகமான ஏற்றமாகி, இன்னொரு இறக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். காலையில் ஒரு மிட்டாய், பன்னிரண்டுக்கு ஒரு பன், மூன்றுக்கு ஒரு சர்பத் என்று நாள் முழுக்க இனிப்பைத் துரத்திக்கொண்டே இருப்பவர்கள் இப்படி மாட்டிக்கொண்டவர்களாக இருக்கலாம். நடுங்கும்போது என்ன சாப்பிடுவது என்பதைவிட, நடுக்கத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் என்ன சாப்பிட்டோம் என்பதில்தான் தீர்வு இருக்கிறது.

இது லோ சுகர்தானா?

படபடப்பு வந்தாலே சுகர் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தைராய்டு, ரத்தசோகை, தூக்கமின்மை, மனக்கவலை எல்லாமே இதே முகத்தோடு வரும். விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930-களில் சொன்ன மூன்று நிபந்தனைகளை இன்றும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரையை ஏற்றியதும் அறிகுறி மறைய வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் குறைவு என்றால் பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே. சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சொல்லும் 70 என்ற எச்சரிக்கைக் கோடு வேறு.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், நடுக்கம் வந்த அந்த நிமிடமே, இனிப்பு எதுவும் வாயில் போடுவதற்கு முன், விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்திப் பாருங்கள். மீட்டரில் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், குறைந்த அளவுகளில் அந்தப் பிழை இன்னும் முக்கியம். அதனால் உறுதிசெய்ய ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இதற்காகக் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்து ஐந்து மணி நேரம் பார்க்கும் சோதனையை இப்போது பரிந்துரைப்பதில்லை. ஒரு தொந்தரவும் இல்லாத பலருக்குக்கூட அதில் அளவு இறங்கிவிடும். வழக்கமான சாப்பாட்டைப் போன்ற உணவைக் கொடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமானது.

அளவு சரியாக இருந்தும் சாப்பிட்ட பிறகு படபடப்பு வருகிறவர்களும் நிறைய. அவர்களுக்கு வருவதும் உண்மையான தொல்லைதான், அதை மனப்பிரமை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். கீழே சொல்லும் சாப்பாட்டு மாற்றங்கள் அவர்களில் பலருக்கும் உதவுகின்றன.

பலருக்குக் காரணம் என்னவென்று கண்டுபிடிக்க முடிவதில்லை. இரைப்பையில் அறுவை செய்தவர்களுக்கு, எடை குறைக்கும் ஆபரேஷன் உட்பட, சாப்பாடு சிறுகுடலுக்குள் சட்டென்று இறங்கிவிடுவதால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வரும். நாலு ஐந்து மணி நேரம் கழித்து வந்தால், குறிப்பாகப் பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்தில் இன்சுலின் தாமதமாகக் கிளம்பி, கடைசியில் தேவைக்கு அதிகமாக வரும். 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் அந்தக் கட்டம். அப்போதே பிடித்துவிட்டால் சர்க்கரை நோயை வெகுவாகத் தள்ளிப்போட முடியும்.

தட்டில் என்ன மாற்றுவது

மதுரைக்காரர்களை இட்லியை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, தேவையும் இல்லை. இட்லியைத் தனியாக விடாமல் இருந்தால் போதும். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார், கூடவே ஒரு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டலோ முளைகட்டிய பாசிப்பயறோ சேர்க்கலாம். தேங்காய்ச் சட்னிக்குப் பதில் நிலக்கடலைச் சட்னி அரைக்கலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இட்லிக்குப் பதிலாக அடை, பாசிப்பயறு தோசை என்று மாற்றலாம். புரதம், நார், கொஞ்சம் கொழுப்பு மூன்றும் சேர்ந்தால் சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும். சர்க்கரையும் மெதுவாக ஏறும், இன்சுலினும் அளவாக வரும்.

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் குடிக்கிற இனிப்பைத்தான் நான் முதலில் மாற்றச் சொல்வேன். இரண்டு ஸ்பூன் சீனி போட்ட டீ, அதில் நனைத்த ரஸ்க், தெருமுனையில் விற்கிற பருத்திப்பால். பருத்திப்பால் நல்ல பொருள்தான். ஆனால் அதில் வெல்லமோ கருப்பட்டியோ இருக்கிறது, அரிசி மாவும் இருக்கிறது, குடிக்கிற வடிவத்தில் வேறு இருக்கிறது. மெல்ல வேண்டியதில்லாத எதுவும் வேகமாக இறங்கும். விட மனமில்லை என்றால் இனிப்பைப் பாதியாக்கச் சொல்லி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை டம்ளர் குடியுங்கள். காபி, டீயில் உள்ள காஃபினும் படபடப்பைத் தூக்கிக்காட்டும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் நாளுக்கு ஒன்றிரண்டோடு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, நிறுத்திக்கொள்வது நல்லது.

"சீனியே தொடுறதில்ல, எல்லாத்துக்கும் கருப்பட்டிதான்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். தேனும் சர்க்கரைதான். மணமும் ருசியும் கூடுதல், கொஞ்சம் தாதுக்களும் கூடுதல். ஆனால் ரத்தத்தில் ஏறும் விஷயத்தில் அவற்றுக்குத் தனிச் சலுகை கிடையாது. அதே போலத்தான் கூழும். கம்பு, கேழ்வரகு நல்ல தானியங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் நைசாக அரைத்துக் கரைத்துக் கூழாகக் குடிக்கும்போது, அதே தானியத்தைச் சோறாகவோ ரொட்டியாகவோ மென்று தின்பதைவிட வேகமாகச் செரிக்கும். உச்சி வெயிலில் ரோட்டோரம் கம்மங்கூழ் குடித்தால், மோரைத் தாராளமாக ஊற்றச் சொல்லி, கூடவே ஒரு கை கடலையும் தின்னுங்கள்.

மதியச் சாப்பாட்டில் மாற்ற வேண்டியது வரிசை. நாம் சோற்றைக் குவித்துக் குழம்பை ஊற்றி, வெஞ்சனத்தை ஓரத்தில் தொட்டுக்கொள்கிறோம். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கீரையோ பொரியலோ ஒரு கிண்ணம், அடுத்து மீன், முட்டை, கறி, பருப்புக்கூட்டு இவற்றில் ஒன்று, கடைசியில் சோறு. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் சிலரிடம் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். அதே சாப்பாடுதான், காய்கறியையும் கோழியையும் முதலில் சாப்பிட்ட நாளில் சர்க்கரையும் இன்சுலினும் குறைவாகவே ஏறின. பத்துப் பைசா செலவில்லாத மாற்றம் இது. அயிரை மீன் குழம்பு வைத்த நாளில் மட்டும் சோற்றை முன்னால் எடுக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குப் பொரியலை மட்டுமாவது முதலில் முடித்துவிடுங்கள்.

சோற்றைக் குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போடுவதில் அளவு தெரியாமல் போய்விடும். மொத்தச் சோற்றையும் முதலிலேயே எடுத்துவைத்து அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு ஆக்கிய சோறு 150 கிராம் என்று வைத்தால் அதில் மாவுச்சத்து சுமார் 42 கிராம் வரும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி பொதுவாக மெதுவாகச் செரிக்கும். ஆக்கி ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுவதால், பழைய சோறு மோசமில்லை. ஆனால் ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு சட்டி பழைய சோறு குடிப்பது வேறு. தயிர், சின்ன வெங்காயம், ஒரு முட்டையோ கருவாடோ பயறோ கூட இருக்கட்டும்.

வேளைக்கு வேளை இடைவெளி மூன்று முதல் நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக நிறையத் தின்னாமல் மூன்று வேளையைச் சின்னதாக்கி, நடுவில் இரண்டு சிறுதீனி. பிஸ்கட்டும் பன்னும் சிறுதீனிக் கணக்கில் வராது. அவித்த கடலை, கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு சுண்டல், பொரிகடலை, தயிர், முட்டை, கொய்யாப்பழம் வரும். சிறுமலை வாழைப்பழம் ஒன்று தின்னலாம், கூடவே பத்துப் பதினைந்து கடலையும். பழத்தைப் பழமாகத் தின்னுங்கள், ஜூஸ் வேண்டாம். கடைக்காரப் பெண்களுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காது என்பது தெரியும். பையில் ஒரு சின்ன டப்பாவில் வறுத்த கடலை இருந்தால் பதினோரு மணிக்கு நின்றபடியே தின்றுகொள்ளலாம். ஒரு கை அளவு, சுமார் 25 கிராம் நிலக்கடலையில் 6 கிராம் போலப் புரதம் இருக்கிறது, ஒரு முட்டைக்குச் சமம்.

ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். பாதாம் பிசினும் கடல்பாசியும் குளிர்ச்சி என்ற நம்பிக்கையில் சிலர் மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாகவே குடித்துவிடுகிறார்கள். அதில் இருக்கும் நன்னாரி சர்பத்தும் சுண்டிய பாலின் சீனியும் ஐஸ்கிரீமும்தான் நமக்குப் பிரச்சினை. நல்லபடியாகச் சாப்பிட்டு முடித்த கையோடு, சின்ன டம்ளரை இரண்டு பேர் பகிர்ந்து குடித்தால் பெரும்பாலும் தொல்லை வராது. பசியோடு நிற்கும் நேரத்தில் தனியாக ஒரு பெரிய டம்ளர் குடித்தால், மூன்று மணி நேரத்தில் வரப்போவது உங்களுக்கே தெரியும்.

சித்திரைத் திருவிழா நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் ராத்திரியே கிளம்பிப்போய் மணிக்கணக்கில் நிற்கிறோம். வழிநெடுகப் பந்தலில் பானகம் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் பானகம், வெயில், கூட்டம், நடை எல்லாம் ஒன்றுசேர்ந்தால் இந்தத் தொல்லை உள்ளவர்கள் மயங்கி உட்கார வாய்ப்பு அதிகம். பானகத்துக்குப் பதில் நீர்மோரை வாங்குங்கள். கிளம்பும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு, மடியில் கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். விரதம் இருப்பவர்கள் விரதத்தை முடிக்கும்போது சர்க்கரைப் பொங்கலில் தொடங்காமல் சுண்டலில் தொடங்கலாம். கோயிலில் அதுவும் பிரசாதம்தானே.

மது, அதிலும் வெறும் வயிற்றில் இனிப்புப் பானம் கலந்து குடிக்கும் மது, இந்தத் தொல்லையை மோசமாக்கும். ஈரல் புதிதாகச் சர்க்கரை தயாரித்து வெளியே விடுவதை அது தடுக்கிறது.

நடுக்கம் வந்துவிட்டால்

முடிந்தால் முதலில் மீட்டரில் பாருங்கள். குறைவாக இருந்தாலோ, பார்க்க வசதியில்லாமல் அறிகுறி கடுமையாக இருந்தாலோ, மூன்று டீஸ்பூன் சீனியை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. கடலைமிட்டாயும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகவே ஏறும். தெளிந்ததும் கட்டாயம் ஒரு முட்டை, சுண்டல், தயிர்சோறு என்று ஏதாவது வயிற்றில் நிற்கிற சாப்பாடு சாப்பிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த இறக்கத்துக்கு நீங்களே வழி செய்த மாதிரி ஆகும். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரங்கட்டிவிட்டு, முழுதாகத் தெளிந்த பிறகே கிளம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

காலையில் எழுந்ததும், நடு ராத்திரியில், ஒரு வேளை சாப்பிடாமல் விட்டபோது, உடற்பயிற்சிக்குப் பிறகு என்று சாப்பாட்டோடு தொடர்பில்லாத நேரத்தில் சர்க்கரை இறங்கினால், இந்தக் கட்டுரையில் சொன்ன எதையும் செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் கட்டி உட்பட வேறு காரணங்கள் இருக்கலாம். மயக்கம், வலிப்பு, பேச்சு குழறல் வந்தவர்களும், சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், இரைப்பை அறுவை செய்தவர்களும் நேரே மருத்துவரிடம் போக வேண்டும். அவர்களுக்குச் சாப்பாட்டு மாற்றத்தோடு மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அல்லது மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் போன்ற மருந்து தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மற்றவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டுப் பக்கத்து டாக்டரிடம் போனாலும் ஒரு நோட்டோடு போங்கள். இரண்டு வாரத்துக்கு, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, நடுக்கம் எத்தனை மணிக்கு வந்தது, மீட்டரில் எவ்வளவு காட்டியது, என்ன சாப்பிட்டதும் தெளிந்தது என்று எழுதிவையுங்கள். ஓபியில் கிடைக்கும் சில நிமிடங்களில் இதையெல்லாம் வாயால் சொல்லி முடிக்க முடியாது. நோட்டைப் பார்த்தால் இது சாப்பாட்டால் வருகிறதா, வேறு எதையாவது தேட வேண்டுமா என்று மருத்துவருக்குச் சட்டென்று பிடிபடும்.